மீன்தொட்டியின் ஈசான மூலையில் ஒரு பச்சைக் கல்

தாயி,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதிக்கொண்டிருக்க எனக்கு இப்போது நிதானம் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை உன் மாமனார் தேனிக்குப் போய்ப் புது மீன் வாங்கிவந்து தொட்டியில் விடப்போகிறார் என்று நேற்று போனில் சொன்னாய். நானும் "நல்லது தாயி" என்றேன். சொல்லிவிட்டுக் கட்டிலில் போய் உட்கார்ந்தவன்தான், வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை. அந்த மீன்களும் செத்துப்போகும். எதனால் சாகும் என்று எனக்குத் தெரியும். அவை செத்தால் இந்த முறை பேச்சு உன் மேல்தான் வந்து விழும் என்பதும் தெரியும். வெள்ளிக்கிழமைக்குள் இதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

"போன் பண்ணிச் சொல்லிட்டுப் போறதுக்கு எதுக்குப் பேப்பரும் பேனாவும்?" என்று உன் அம்மா அடுப்படியிலிருந்து கேட்கிறாள். அவளுக்கென்ன, கேட்பாள். உங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டு ஹால் மேசை மேல் வைத்துத்தான் பேசுகிறீர்கள். மாப்பிள்ளை, சம்பந்தி, சம்பந்தியம்மா எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். குறை சொல்லவில்லை, ஒளிவுமறைவு இல்லாத குடும்பம் என்று பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பெண்ணைக் கொடுத்தவன். "சாப்ட்டியா தாயி" என்று கேட்பதற்கே ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் என் விரல் ஒன்றை அமுக்க வேறொன்று போகிறது. போன மாதம் உனக்கு அனுப்ப வேண்டிய ரசப்பொடிப் பக்குவத்தைத் திராட்சை வியாபாரிகள் குரூப்பில் போட்டுவிட்டேன். கம்பத்திலிருந்து ஒருத்தர் "மல்லி கொஞ்சம் கூடுதலா போடணும்ணே" என்று பதில் வேறு அனுப்பினார். அதனால்தான் பேப்பர்.

நான் பயந்த மனுசன் என்பது உனக்குப் புதிதில்லை. திராட்சைக்காரனுக்குப் பயம் இல்லாமல் பிழைப்பு இல்லை. கொத்து பழுக்கிற நேரத்தில் மேற்கே மலைப்பக்கம் இருட்டினால் தோட்டத்துக்கு ஓடிவிடுவேன். உன்னைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு அந்த வேன் ஓடைப்பட்டி முக்குத் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். உன் அம்மா, "ஒங்கப்பா பயப்படாத நாளு என்னைக்கோ, அன்னைக்கு ஊருக்கே பொங்கல் வச்சுரலாம்" என்பாள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். சிரித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுவேன். ஆனால் ஒரு விஷயத்தில் என் பயம் சும்மா வந்ததில்லை. மயில்துத்தம்.

கொடிக்கு அடிச்சாம்பல் நோய் வராமல் இருக்க மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிக்கிறோமே, அது பார்க்க எவ்வளவு அழகு என்று உனக்குத் தெரியும். நீலக் கற்கண்டு மாதிரி இருக்கும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதைக் கையில் எடுத்துப் பார்க்க அழுவாய். மூட்டையைப் பரண் மேல் ஏற்றிவிட்டேன். ஏன் அப்படி என்று நான் உனக்குச் சொன்னதில்லை. நம் தோட்டத்துப் பக்கம் ஒரு கீதாரி ஆட்டுக் கிடை போட்டிருந்தார். துத்தம் கரைக்கிற தொட்டியின் விளிம்பில் நீலமும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்ததை அவருடைய செம்மறி ஒன்று நக்கிக்கொண்டு நின்றது. உப்பு என்று நினைத்ததோ என்னவோ. விரட்டிவிட்டோம். அப்போது அதற்கு ஒன்றும் ஆகவில்லை, துள்ளிக்கொண்டுதான் போனது. சில நாள் கழித்துப் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. அந்தக் கீதாரி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துத்தம் என்பது செம்புதான், தாயி. விளக்காமல் போட்ட செம்புச் சருவத்தில் பச்சையாகக் களிம்பு ஏறுமே, அதுவும் அதே சரக்குதான். அன்றைக்கு இருந்து அந்தப் பச்சையை எங்கே கண்டாலும் எனக்கு உடம்பு ஒரு மாதிரி ஆகிவிடும்.

இனி கல்லைப் பற்றிச் சொல்கிறேன். நீ தேனியில் காலேஜ் படிக்கும்போது முதல் தொட்டி வாங்கி வந்தாய். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தாய். அதில் போடக் கல் வேண்டும் என்றாய். நானும் பெரிய மனுசன் மாதிரி, கிணறு ஆழப்படுத்தும்போது வெட்டிப் போட்ட வெள்ளைக் கல்லை அள்ளிவந்து கொடுத்தேன். பளிச்சென்று இருந்தது. கொஞ்ச நாளில் தொட்டிக் கண்ணாடியில் உப்புப் படிந்தது, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நீ போனில் எங்கெங்கோ தேடிப் படித்துவிட்டு, அடுப்படியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து அந்தக் கல் மேல் பிழிந்தாய். சோடா மாதிரி நுரைத்தது. "சுண்ணாம்புக் கல்லுப்பா. தண்ணியில கரைஞ்சு உப்பாக்குது" என்றாய். அன்றைக்கே எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டினோம். அதிலிருந்து எலுமிச்சம்பழம் விட்டுப் பார்க்காமல் நான் ஒரு கல்லையும் வீட்டுக்குள் கொண்டுவந்தது கிடையாது. உன் அம்மா ஊறுகாய்க்கு வாங்கி வைத்த பழத்தில் பாதி கல்லுக்கே போனது.

இன்னொரு நாள், ஓடையில் எடுத்த கல்லில் கிருமி இருக்குமே என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. சோற்றுப் பானையில் தண்ணீர் ஊற்றிக் கல்லைப் போட்டு அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டேன். உள்ளே ஈரம் இருந்திருக்கும் போல. பட்டாசு மாதிரி ஒரு சத்தம். பானை ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். நான் கொல்லைக்கு ஓடிவிட்டேன். நீதான் உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "ஏப்பா, கல்லுக்குப் பயந்து ஓடுன மொத ஆளு நீங்கதான்" என்றாய். கல்லைக் கொதிக்க வைக்கக் கூடாது, நாரால் தேய்த்துக் கழுவி வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி விட வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டோம். கனமான கல்லை மணல் மேல் வைத்தால் மீன் மணலைப் பறித்துக் கல் சாய்ந்து கண்ணாடி விரிசல் விடும் என்பதையும் ஒரு தொட்டியை உடைத்துத்தான் தெரிந்துகொண்டோம். கல்லை முதலில் அடியில் வைத்து, மணலை அப்புறம் கொட்டணும். கூரான விளிம்பு இருந்தால் மீனின் வாலைக் கிழிக்கும், உள்ளங்கையால் தடவிப் பார்க்கணும். சாயம் போட்ட கடைக் கல்லை எடுக்கவே கூடாது. துருக் கோடு ஓடுகிற கல், தங்கம் மாதிரி மினுக்குகிற கல், பச்சையோ நீலமோ பூத்த கல், இவற்றின் பக்கமே போகக் கூடாது. இதையெல்லாம் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் படித்தோம். நீ என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே படித்தாய், நான் பயந்துகொண்டே படித்தேன்.

உன் கல்யாணத்தில் அந்தத் தொட்டியும் சீர் சாமானோடு வேனில் ஏறியது. அதற்கென்று சுருளி ஆற்றுப் பக்கம் போய்க் கறுப்புக் கல்லாகப் பார்த்துப் பொறுக்கி, பழம் பிழிந்து, ஊறவைத்து, அந்த வாளியில் இரண்டு நத்தையை விட்டு அவை நன்றாக மேய்கிற வரை பார்த்துத்தான் சாக்கில் கட்டினேன். சின்னமனூரில் வேனிலிருந்து இறக்கும்போது சாக்கைத் தூக்கிய ஆள், "என்னங்க, பொண்ணு வீட்டுல சீருக்குக் கல்லு குடுத்து விட்டுருக்காக" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் செத்துப்போய்விட்டது. அப்போது உன் மாமனார்தான் முன்னால் வந்து, "ஏம்ப்பா, மீனும் ஒரு உசுருதானே. அதுக்கும் வீடு வேணும்ல" என்று சொல்லி, அந்தச் சாக்கைத் தானே ஒரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுபோனார். நல்ல மனுசன். வாழைக்காய் மண்டியில் அத்தனை பேரிடம் சத்தம் போடுகிறவர், வீட்டுக்குள் உன்னை ஒரு அதட்டல் அதட்டியதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். அவர் கெட்டவராக இருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இருந்திருக்காது.

முதல் கொத்து அறுத்ததும் ஒரு பெட்டி பழத்தோடு நானும் உன் அம்மாவும் வந்தோமே, அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். உன் மாமனார் என் தோளில் கையைப் போட்டுத் தொட்டியிடம் கூட்டிப்போனார். "வாங்க சம்பந்தி, இதைப் பாருங்க. ஒங்க கல்லு மட்டும் கறுகறுன்னு கெடந்துச்சு. நானும் மூணு போட்டுருக்கேன். குமுளியில வாங்குனது. கடைக்காரரு மலையாளி, ஐஸ்வர்யம் வரும் சேட்டான்னு சொல்லித்தான் குடுத்தாரு" என்றார். ஒன்று பளிங்கு, ஒன்று கத்தரிப்பூ நிறக் கல். இரண்டும் கண்ணாடி மாதிரி இறுகிப்போன சாதி, ஒன்றும் செய்யாது. மூன்றாவது ஈசான மூலையில் இருந்தது. பச்சை. மெருகு போடாத கல், மேலெல்லாம் பொருபொருவென்று, நடுவில் நீலக் கீற்று. நம் துத்தத் தொட்டியின் விளிம்பை யாரோ பெயர்த்துவந்து வைத்தது போல இருந்தது.

"இது எதுக்குங்க சம்பந்தி?" என்று மட்டும் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "வாஸ்து பாக்குறவரு சொன்னாரு. ஈசான மூலையில தண்ணிக்குள்ள பச்சைக் கல்லு இருந்தா, வீட்டுக்கு வந்த மகாலச்சுமி நிலைச்சு நிக்கும்னு. நம்ம புள்ளைக்காகத்தான் வச்சேன்" என்றார். நம்ம புள்ளை என்று உன்னைத்தான் சொன்னார். உனக்காக வைத்த கல்லைப் பார்த்து அது விஷம் என்று நான் எப்படிச் சொல்லுவேன்? பெண்ணைக் கொடுத்து முழுசாக ஒரு வருசம் ஆகவில்லை, வந்த இடத்தில் அவர்கள் சாமியாக நினைத்து வைத்ததைக் குறை சொன்னான் என்று ஆகாதா? சாப்பிட உட்கார்ந்தேன். சம்பந்தியம்மா கறிக்குழம்பை ஊற்றினார்கள். நல்ல ருசி என்று சொன்னேன். என்ன ருசி என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் திரும்பும்போது உன் அம்மாவிடம் சொன்னேன். "கல்லு பச்சையா இருந்தா அதுக்கும் பயமா? பேசாம வாங்க" என்றாள். அவள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. பேசாமல் வந்தேன்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். முதலில் தொட்டியில் இருந்த நத்தைகள் ஓட்டுக்குள் போய் வெளியே வரவில்லை. நீ போனில் சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. தோட்டத்தில் துத்தம் அடித்த தெளிப்பானை எங்கே கழுவினாலும் முதலில் போவது நத்தைதான். அப்புறம் குட்டி மீன்கள், ஒவ்வொன்றாக. கடைசியில் உன் மாமனார் தன் கையால் இரை போடுவாரே, அந்தப் பெரிய பொன்மீன். அன்றைக்குப் போனில் உன் குரலே எனக்கு அடையாளம் தெரியவில்லை. "ஒண்ணுமில்லப்பா, அத்தை கொஞ்சம் வருத்தமா இருக்காக" என்றாய். பின்னால் சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது. யாரிடமோ மெதுவாகத்தான் சொன்னார்கள், ஸ்பீக்கர் இருப்பதை மறந்திருப்பார்கள். "இத்தன வருசத்துல இந்த வீட்டுல ஒரு உசுரு இப்படிப் போனதில்ல. வந்த நேரம் எப்படியோ" என்றார்கள். உன் அம்மா என் பக்கத்தில்தான் நின்றாள். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அந்த வார்த்தை ஒரு வீட்டில் ஒருமுறை வெளியே வந்துவிட்டால் பால் திரிந்தாலும் அதுதான், மண்டியில் காய் விலை போகாவிட்டாலும் அதுதான். சாகிற வரை அந்தப் பெண்ணின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மறுநாளே கிளம்பி வந்தேன். சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் வந்தேன், தாயி. பஸ்ஸில் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். உள்ளே வந்தால், எல்லோரும் ஹாலில் இருந்தார்கள். தொட்டி காலியாக இருந்தது. உன் மாமனார் முகம் வாடியிருந்தது. "எங்கன தப்பு நடந்துச்சுன்னே தெரியல சம்பந்தி" என்றார். வாயைத் திறந்தேன், வந்தது வேறு வார்த்தை. "தப்பு எம்மேலதானுங்க. நாங் குடுத்துவிட்ட ஆத்துக் கல்லு சரியில்ல. தோட்டத்து மருந்து எதுவும் பட்டிருக்கும் போல. பாக்காம எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. சம்பந்தியம்மா, "அய்யய்ய, விடுங்கண்ணே, தெரியாம நடந்தது" என்றார்கள். உன் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். என் கறுப்புக் கல்லையெல்லாம் சாக்கில் அள்ளிக் கட்டினேன். அள்ளும்போது ஈசான மூலையில் மணல் மேல் உதிர்ந்து கிடந்த பச்சைத் துணுக்கு ஒன்று என் விரலில் ஒட்டியது, அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். நீ அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு கல்லும் எத்தனை நாள் வாளியில் கிடந்தது என்று உனக்குத்தான் தெரியுமே. பச்சைக் கல் மேல் உனக்கும் சந்தேகம் இருந்திருக்கும், மாமனார் உனக்காக வைத்ததை நீ எப்படிச் சொல்வாய். நான் உன் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினேன்.

பஸ் ஏறும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மகள் தலையில் விழவிருந்ததை நான் வாங்கிக்கொண்டேன் என்று ஒரு பெருமை. பாதி வழியில்தான் உறைத்தது. என் கல் சாக்கில் வருகிறது, பச்சைக் கல் அங்கேயே கிடக்கிறது. அடுத்த முறை மீன் செத்தால் குற்றம் சொல்ல என் கல்லும் இல்லை. அப்புறம் அந்த வீட்டில் புதிதாக வந்தது என்று என்ன மிச்சம் இருக்கிறது? நீதானே. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். இந்த முறை அவள் கிண்டல் பண்ணவில்லை. "பிள்ளையக் காப்பாத்துறதா நெனச்சுக்கிட்டு நல்லா மாட்டி விட்டுட்டு வந்துருக்கீக" என்றாள். அந்தத் துணுக்கை நுணுக்கி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு எலுமிச்சைச் சாற்றை ஊற்றி வைத்தேன். மெதுவாகப் பொடிப்பொடியாக நுரை வந்தது. மறுநாள் காலையில் சாறு நீலம் பாரித்திருந்தது. உன் அம்மா கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "துத்தம்" என்றாள். ஒரே வார்த்தை. நம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் உப்புச் சேராத மென்மையான தண்ணீர், அதில் செம்பு சுலபமாக இறங்கும் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

முதலில் நினைத்தேன், யாரும் இல்லாத நேரம் பார்த்து அந்தக் கல்லை எடுத்து எங்காவது போட்டுவிடு என்று உனக்கு எழுதலாம் என்று. எழுதவும் செய்தேன், கிழித்துப் போட்டேன். ஈசான மூலையில் வைத்த கல்லை மருமகள் எடுத்துத் தூர எறிந்தாள் என்று தெரிந்தால் அது மீன் செத்ததைவிடப் பெரிய பேச்சாகிவிடும். வேறு ஏதாவது பச்சைக் கண்ணாடிக் கல்லை வாங்கி மாற்றி வைக்கலாமா என்றும் யோசித்தேன். பார் தாயி, பயம் ஒரு மனுசனை என்னென்ன யோசிக்க வைக்கிறது. ஒரு பொய் சொல்லி அது போதாமல், அதற்கு மேல் இன்னொன்றை உன் கையால் செய்ய வைக்கப் பார்த்தேன். எனக்கே என் மேல் வெறுப்பாக இருந்தது. நீ என்னை மாதிரி ஆகிவிடாதே. பயப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. கல்லுக்குப் பயப்படு, தண்ணீருக்குப் பயப்படு. அந்தப் பயம்தான் நம் இரண்டு பேரையும் பழத்தைப் பிழிந்து பார்க்க வைத்தது. மனுசர்கள் முகம் சுளிப்பார்களே என்று பயந்தால் ஒரு உயிரையும் காப்பாற்ற முடியாது. நான் காப்பாற்றவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன், போன் வந்தது. நீதான். ஸ்பீக்கரில்தான் பேசினாய், பின்னால் டிவி சத்தத்தை யாரோ குறைத்தது கேட்டது. "அப்பா, மாமா பக்கத்துலதான் இருக்காக. ஒரு சந்தேகம். நீங்க எடுத்துட்டுப் போன கல்லெல்லாம் எலுமிச்சம்பழம் விட்டுப் பாத்த கல்லுதானப்பா?" என்றாய். போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். நீ விடவில்லை. "எங்கப்பா பாக்காம ஒரு கல்லையும் தொட்டியில போட மாட்டாக, மீனு செத்ததுக்குக் காரணம் அந்தக் கல்லு இல்ல, வேறன்னு மாமாட்டச் சொன்னேன். மாமா ஒங்களையே கேக்கச் சொன்னாக" என்றாய். உன் குரல் அசையவில்லை. அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு என் பெண் அப்படிப் பேசுகிறாள். உன் மாமனார், "சொல்லுங்க சம்பந்தி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கேட்கத்தான் கேட்டார்.

போனை நான்தான் கட் பண்ணினேன், தாயி. டவர் இல்லை என்று நினைத்திருப்பாய். அவர்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பாய். டவர் இருந்தது. மறுபடி நீ இரண்டு முறை அடித்தாய், இரண்டு முறையும் அது என் கையில் அதிர்ந்துகொண்டிருந்தது. உன் அம்மா வந்து என் முகத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள். "இப்ப அங்கன ஒங்க மக பொய்க்காரின்னு ஆயிருச்சுல்ல" என்றாள். என் சட்டையை எடுத்துவந்து கட்டில் மேல் போட்டுவிட்டுப் போனாள்.

அதனால் இதைத் தபாலில் போடப்போவதில்லை. அடுத்த பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன். கிண்ணத்தையும் மூடி போட்ட சம்படத்தில் வைத்து எடுத்துவருகிறேன், சாறு அப்படியே நீலமாகத்தான் இருக்கிறது. உன் மாமனாரிடம் நேரில் சொல்லப் பார்க்கிறேன். வாய் வராவிட்டால் இந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். உனக்கு எழுதியதுதான், அவரே முதலில் படிக்கட்டும். என்னைத் திட்டினால் திட்டட்டும். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் வாசலில் வந்து நிற்கும்போது, வெயிலில் வந்திருக்காகளே என்று மனசு இளகி, "உள்ள வாங்கப்பா" என்று கூப்பிட்டுக் காப்பியைக் கையில் கொடுத்துவிடாதே. காப்பியைக் குடித்தேன் என்றால் பேசாமல் கிளம்பி வந்துவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். சொல்லி முடிக்கிற வரை என்னை உட்காரச் சொல்லாதே, தாயி.

அப்பா